மாட்சி யாருக்கு?

பாதுகாவலர் பெருவிழாவின் பத்தாம் நாள் காலை. கோவில் நிறைந்து, பந்தலும் நிறைந்து, தெருவோரத்து வேப்பமர நிழல்வரை மக்கள் நிற்கிறார்கள். பாடற்குழுவினர் நன்றாகப் பாடினார்கள். மறையுரையும் குறைசொல்லும்படி இல்லை. நற்கருணை வழங்கி முடிந்தது. இனிச் சிறிது நேரம் அமைதி. உட்கொண்ட ஆண்டவரோடு ஒவ்வொருவரும் தனித்திருக்க வேண்டிய நேரம். ஆனால், திருக்கிண்ணம் துடைத்து வைக்கப்படும் முன்பே ஒலிவாங்கி வேறொருவர் கைக்கு மாறுகிறது. விழா சிறக்க வாரி வழங்கிய வள்ளல்களைக் கௌரவிக்கும் நிகழ்ச்சி தொடங்குவதாக அறிவிப்பு எழுகிறது. காணிக்கைப் பொருள்கள் இருந்த மேசையின்மேல் பொன்னாடைகள் அடுக்கப்படுகின்றன. பீடத்தின் படிகளில் ஒளிப்படக்காரர் ஏறி நிற்கிறார். அழைக்கப்பட்டவர்கள் பீடத்துக்கு முதுகையும் படக்கருவிக்கு முகத்தையும் காட்டி நிற்கிறார்கள்.

இத்தகைய விழாவொன்றில் நாமே ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். கூடியிருந்த மக்கள் அனைவருக்கும் நற்கருணை வழங்க ஆன நேரம் 15 நிமிடம். 27 பேருக்குப் பொன்னாடை போர்த்த ஆன நேரம் 40 நிமிடம். இதற்கு நாம் சூட்டியிருக்கும் பெயர் நன்றியறிதல். அந்தப் பெயர் இதற்குப் பொருந்தாது என்று சொல்லவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இறைவனுக்குரிய மாட்சியை இறைவனின் இல்லத்திலேயே நாம் பங்குபோட்டுக்கொள்கிறோம். அந்தப் பங்கீட்டில் இழப்பவர் இறைவன் அல்லர், ஏழைகளே என்பதே நாம் சொல்ல விரும்புவது.

கனமும் தலைக்கனமும்

'மாட்சி' என்றும் 'மகிமை' என்றும் நாம் தமிழில் வழங்கும் சொல்லுக்கு எபிரேய மூலம் 'காபோத்'. அதன் வேர்ப்பொருள் எடை, பாரம் என்பதாகும். நம் மொழியிலும் 'கனம்' என்னும் சொல் பாரத்தையும் மதிப்பையும் ஒருசேரக் குறிப்பது எண்ணி மகிழத்தக்கது. மதிப்புக்குரியவரைக் கனவான் என்கிறோம். அந்தக் கனத்தைத் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்பவனிடம் தலைக்கனம் இருப்பதாகச் சொல்கிறோம். இறையியலார் பல பக்கங்களில் விளக்குவதை நம் பேச்சுவழக்கு இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறது. கனத்தை அதற்குரியவரிடம் ஒப்படைப்பது வழிபாடு. அதை நம் தலைக்குத் திருப்பிக்கொள்வது தலைக்கனம்.

தாழ்ச்சிக்குரிய இலத்தீன் சொல்லோ மண்ணைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. சாம்பல் புதனன்று நெற்றியில் பெறும் சாம்பல் இதையே நினைவூட்டுகிறது. மண்ணுக்கு மண் என்று தெரிந்திருப்பதே தாழ்ச்சி. அது தன்னை இகழ்ந்துகொள்வதன்று. தன்னைப் பற்றிய உண்மையில் நிற்பது.

திருப்பலியின் அமைப்பையே சற்று நோக்குவோம். வானவர் கீதத்தில் புகழ் மேல்நோக்கி எழுகிறது. தூயவர் பாடலில் விண்ணவரோடு நம் குரலும் சேர்கிறது. நற்கருணை மன்றாட்டின் முடிவில் குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி, கிறிஸ்து வழியாகத் தந்தைக்கே எல்லா மாட்சியும் உரியது என்று பறைசாற்றுகிறார். மக்கள் 'ஆமென்' என்கிறார்கள். திருப்பலியில் நாம் சொல்லும் ஆமென்கள் அனைத்திலும் தலையாயது அதுவே. அதைச் சொன்ன அரைமணி நேரத்துக்குள், கொடுத்த மாட்சியைத் திரும்ப வாங்கி 27 தோள்களில் போர்த்திவிடுகிறோம் என்றால், அந்த ஆமெனுக்கு என்ன பொருள்?

சங்கம் சொன்னது, நாம் மறந்தது

இது ஏதோ நம் தனிப்பட்ட மனக்குறை என்று எவரும் எண்ண வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவேற்றிய முதல் ஏடு திருவழிபாடு பற்றியது. 1963 டிசம்பர் 4 அன்று, 2147 வாக்குகள் ஆதரவாகவும் 4 வாக்குகள் மட்டுமே எதிராகவும் விழ, அது ஏற்கப்பட்டது. அதன் 32-ஆம் எண் மிகத் தெளிவானது. திருவழிபாட்டில் ஒருவர் ஆற்றும் பணியாலும் திருநிலைப்பாட்டாலும் வரும் வேறுபாட்டையும், நாட்டு அதிகாரிகளுக்குத் திருவழிபாட்டுச் சட்டப்படி உரிய மரியாதையையும் தவிர, தனிப்பட்ட எந்த மனிதருக்கும் எந்த வகுப்பினருக்கும் சடங்கிலோ வெளிப்பகட்டிலோ தனி மரியாதை காட்டலாகாது என்று அது விதிக்கிறது.

அந்தச் சங்கத்தின் வழிவந்த சீர்திருத்தங்களை நாம் ஆர்வத்தோடு ஏற்றோம். இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தோம். பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து மக்களை நோக்கி நின்றோம். குத்துவிளக்கு ஏற்றினோம், ஆரத்தி எடுத்தோம். 32-ஆம் எண்ணை மட்டும் படிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிட்டோம். அது நம் பையைத் தொடுகிறது என்பதாலோ என்னவோ!

சங்கத்துக்கும் முன்னதாகத் திருத்தூதர் யாக்கோபு எழுதிவைத்திருக்கிறார். பொன் மோதிரம் அணிந்தவர் சபைக்குள் வந்ததும் நல்ல இருக்கை தருவதும், கந்தை உடுத்தியவரை நிற்கவைப்பதும் விசுவாசத்துக்கு முரணானது என்று தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தை ஞாயிறு வாசகமாக நாம் வாசிக்கிறோம். வாசிக்கும்போதே முதல் வரிசையில் 'சிறப்பு விருந்தினர்' என்ற அட்டை ஒட்டிய நாற்காலிகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

கைதட்டலைப் பற்றியும் ஒரு சொல். பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர், திருவழிபாட்டின் உட்பொருள் குறித்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதரின் திறமைக்காகத் திருவழிபாட்டில் கைதட்டல் எழும்போது வழிபாட்டின் சாரமே அங்கிருந்து மறைந்துவிட்டது என்னும் கருத்தை எழுதினார். கடுமையான கூற்றுத்தான். ஆனால் நற்கருணைப் பாடல் முடிந்ததும் மண்டபத்தில் இசைக்கச்சேரி முடிந்ததுபோல் கைதட்டல் எழுவதைக் கேட்டவர்கள், அவர் மிகைப்படுத்தினார் என்று சொல்லமாட்டார்கள். இப்போது நேரலையும் சேர்ந்துகொண்டது. படக்கருவி எங்கே திரும்பியிருக்கிறது என்று கடைக்கண்ணால் பார்த்துப் பாடும் இளைஞரை நாம் குற்றம்சொல்ல மாட்டோம். அதே கருவியைப் பார்த்துத்தானே குருவும் மறையுரை ஆற்றுகிறார்?

உபயம்

ஒரு வேலைநாளின் பிற்பகலில், ஆளரவம் இல்லாத நேரத்தில், நம் கோவில்களில் ஏதேனும் ஒன்றுக்குள் சென்று மெல்லச் சுற்றி வாருங்கள். தீர்த்தத் தொட்டியில் ஒரு பெயர். இருக்கைகளின் முதுகில் வரிசையாகப் பெயர்கள். மின்விசிறியின் இறக்கைகளில் பெயர். அது சுழலும்போது மட்டும் நமக்குச் சற்று விடுதலை. குழல்விளக்கில் 'உபயம்' என்று தொடங்கி, தந்தை பெயர், ஊர், வெளிநாட்டு முகவரி எல்லாம் சிவப்பு மையில் எழுதப்பட்டு, வெளிச்சம் வர இடமின்றி இருக்கிறது.

சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கும் 14 குடும்பங்கள். பத்தாம் நிலையின் முன் சற்று நில்லுங்கள். அங்கே ஆண்டவரின் ஆடைகள் களையப்படுகின்றன. அவருக்கு உடுத்த ஒன்றுமில்லை. அவருக்குக் கீழே, பளிங்குக் கல்லில், ஒருவர் தம் பெயரைப் பட்டங்களோடும் பதவிகளோடும் உடுத்தி நிற்கிறார். தவக்காலத்து வெள்ளிதோறும் அந்த இடத்தில் முழந்தாளிட்டு ஆண்டவரின் வறுமையைத் தியானிக்கும்படி மக்களை அழைக்கிறோம். அவர்கள் கண்ணில் முதலில் படுவது எது?

வெளியே வந்தால் ஃபிளக்ஸ் பதாகைகள். விழாவுக்குரிய புனிதர் ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருக்கிறார். மீதமுள்ள இடத்தை விழாக்குழுவினரும் கொடையாளரும் கூப்பிய கைகளோடு நிரப்பியிருக்கிறார்கள். கூப்பிய கைகள் யாரை நோக்கிக் கூப்பப்பட்டுள்ளன என்பதே புரிவதில்லை.

முதற்குற்றவாளிகள் யார்?

கொடையாளர்களைச் சாடி முடித்துக்கொள்வது எளிது, நேர்மையன்று. இந்த வழக்கில் முதற்குற்றவாளிகள் குருக்களாகிய நாமே. கல்லில் பெயர் வெட்டலாம் என்று ஆசை காட்டியவர்கள் நாம். திறப்புவிழாக் கல்வெட்டில் ஆயர் பெயருக்கு அடுத்த வரியில் நம் பெயர் எத்தனை அங்குலத்தில் இருக்கவேண்டும் என்று கல்தச்சரிடம் சொன்னவர்கள் நாம். அடுத்த பங்குக்கு மாற்றலாகிப் போகும்போது, 'என் காலத்தில் கட்டியது' என்று கோபுரத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் நாம்.

நாம் குருத்துவ வெள்ளிவிழாக் கொண்டாடிய நாளை இங்கே மறைக்க விரும்பவில்லை. கோவில் வாசலில் ஆளுயரத்துக்கு இருமடங்கான பதாகை வைத்திருந்தார்கள். ஆசி வழங்கும் கையோடு நம் படம். நம் தோளுக்குப் பின்னால், வெளிறிய நிறத்தில், இயேசுவின் திருஇருதயம். அதிகாலையில் கதவைத் திறந்து வெளியே வந்தபோது அதைக் கண்டோம். அகற்றச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தோம். அன்று மாலை ஏற்புரையில், இத்தனை பாராட்டுக்கும் நமக்குத் தகுதியில்லை என்று தழுதழுத்த குரலில் சொன்னோம். பலத்த கைதட்டல் எழுந்தது. அந்தக் கைதட்டலும் இனித்தது. தாழ்ச்சியைக்கூட விற்றுப் புகழ் வாங்க முடியும் என்பதை அன்றிரவு படுக்கையில் உணர்ந்தோம்.

டியோஸ்கோருஸ் என்ற இளைஞருக்குப் புனித அகுஸ்தினார் எழுதிய மடல் ஒன்று உண்டு. உண்மையை அடையும் வழியில் முதலாவது எது, இரண்டாவது எது, மூன்றாவது எது என்று எத்தனை முறை கேட்டாலும் தாழ்ச்சி என்றே விடை சொல்வேன் என்னும் பொருள்பட அதில் எழுதுகிறார். குருமடத்தில் இதைப் படித்துத் தேர்விலும் எழுதினோம். மதிப்பெண்ணும் கிடைத்தது.

மூன்று மறுப்புகள்

இவ்வாறு பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் வருகின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையன்று.

முதலாவது: பெயர் போடாவிட்டால் பணம் வராது. இதைச் சொல்பவர்கள் நடைமுறை அறிந்தவர்கள். ஆனால் நம் பழைய கோவில்கள் எப்படி எழுந்தன என்பதையும் அவர்கள் அறிவார்கள். பிடித்த மீனில் ஒரு பங்கைக் கோவிலுக்கென்று ஒதுக்கினார்கள் கடற்கரை மக்கள். உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை அள்ளித் தனிப்பானையில் போட்டார்கள் உள்நாட்டுத் தாய்மார்கள். அந்தப் பிடியரிசிக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. சுவர்கள் நிற்கின்றன. பெயருக்காக மட்டுமே வரும் பணம் வராமற்போனால், அந்தப் பணம் கட்டவிருந்தது எதுவாயினும் அது இறைவனின் இல்லமாக இருந்திராது.

இரண்டாவது: நன்றி கூறுவது கிறிஸ்தவப் பண்பு அல்லவா? ஆம். நற்கருணைக்குரிய கிரேக்கச் சொல்லின் பொருளே நன்றி கூறுதல்தான். ஆனால் நற்செய்தியில் நன்றி எந்தத் திசையில் செல்கிறது என்று பாருங்கள். குணம்பெற்ற பத்துத் தொழுநோயாளருள் திரும்பி வந்த சமாரியர் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டே வந்து இயேசுவின் காலடியில் விழுந்தார் என்கிறார் லூக்கா. நன்றி அங்கே மாட்சியாக மேலே செல்கிறது. அதே லூக்கா காட்டும் பரிசேயரும் கோவிலில் நன்றி கூறித்தான் தம் வேண்டலைத் தொடங்கினார்! கடவுளுக்கு நன்றி என்று தொடங்கி, தம் நோன்பையும் தம் பத்திலொரு பங்கையும் வாசித்து முடித்தார். நம் நன்றியுரைகள் இவ்விரண்டில் எதைப் போன்றவை? கொடுத்தவரின் வீட்டுக்குச் சென்று, கையைப் பற்றி, அவர் குடும்பத்துக்காக வேண்டிக்கொண்டு வர நம்மை எவர் தடுத்தார்? அது கடினம், பொன்னாடை எளிது.

மூன்றாவது மறுப்பு சற்று ஆழமானது: கொடையும் புகழும் இணைந்திருப்பது தமிழர் மரபு, நம் முன்னோர் கல்லில் எழுதினார்கள், வள்ளுவரே ஈகையை அடுத்துப் புகழை வைத்தார். உண்மை. திருக்குறளில் 23-ஆம் அதிகாரம் ஈகை. 24-ஆம் அதிகாரம் புகழ். ஆனால் வள்ளுவர் பேசும் புகழ், கொடுப்பவனைப் பற்றிப் பிறர் வாயில் தானே பிறப்பது. கொடுப்பவன் எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்வதன்று. அதற்கு முன்பே 13-ஆம் அதிகாரத்தில் அடக்கமுடைமையை அவர் வைத்துவிட்டார்.

கல்வெட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலின் சுவர்களில் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டுள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வருகிறது. அந்த ஆடுகள் யார் பொறுப்பில் உள்ளன, எவ்வளவு நெய் அளக்கவேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்டன. மன்னரின் பெருமையும் அவற்றில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவற்றின் முதன்மையான வேலை ஆவணமாக நிற்பது. பின்வரும் தலைமுறை கொடையை விழுங்கிவிடாதபடி, விளக்கு அணைந்துவிடாதபடி எழுதினார்கள். அவர்கள் எழுத்து விளக்கைக் காத்தது. நம் எழுத்து குழல்விளக்கின் வெளிச்சத்தை மறைக்கிறது. மரபு என்று நாம் சொல்லிக்கொள்வதற்குள் இந்த வேறுபாட்டைக் காண வேண்டாமா?

இழப்பது யார்?

நம் புகழ்ச்சியால் இறைவனின் பெருமை கூடுவதில்லை. நம்மைப் புகழவைப்பதே அவர் தந்த கொடை. அது நம் மீட்புக்கே பயன்படுகிறது என்று திருப்பலியின் பொதுத் தொடக்கவுரை ஒன்று கற்பிக்கிறது. அப்படியானால் புகழை நாம் திருடிக்கொள்வதாலும் அவருக்குக் குறைவு வராது. கடலிலிருந்து ஒரு குடம் மொண்டால் கடலுக்கு என்ன?

இழப்பவர்கள் இருவர். ஒருவர் கொடுத்தவரே. மலைப்பொழிவில் ஆண்டவர் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மக்கள் பார்க்கவேண்டும் என்று கொடுப்பவர் தம் கைம்மாற்றை அப்போதே பெற்றுவிட்டார், தந்தையிடம் பெற அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பொன்னாடை போர்த்தும்போது நாம் அவருடைய கணக்கை முடித்துவிடுகிறோம். இதைவிடப் பெரிய தீங்கை நம் கொடையாளருக்கு நாம் செய்யமுடியாது.

மற்றவரைப் பற்றிச் சொல்ல ஒரு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கொன்றில், தலைச்சுமையாக மீன் விற்றுப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் இருந்தார். விழாக் காணிக்கையாக 500 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நம் கையில் தந்தார். அந்த ஆண்டு விழாத் திருப்பலியின் இறுதியில், 5000 ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தோம். 5000 என்ற அந்த எல்லையை வகுத்தவரும் நாமே. நேரம் போதாது என்று வகுத்தோம். அதன்பின் மூன்று ஞாயிறுகள் அவரைக் கோவிலில் காணவில்லை. வீட்டுக்குச் சென்றோம். முதலில் உடம்புக்குச் சுகமில்லை என்றார். நாம் எழுந்து புறப்படும்போது, குறைபோலச் சொல்லாமல், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"பேரப்பிள்ள பக்கத்துல இருந்தான் சாமி. 'பாட்டி, நம்ம பேரை எப்ப வாசிப்பாங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். 'இரு, சாமி கடைசியில வாசிப்பாரு'ன்னு சொல்லிட்டேன். வாசிச்சு முடிச்சிட்டீங்க. அவன் என் மூஞ்சியவே பார்த்தான். அதான் சாமி, ஒரு மாதிரியா இருந்திச்சு."

காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணைப் பற்றி எத்தனை ஆண்டுகள் மறையுரை ஆற்றியிருப்போம்! அவரை ஆண்டவர் பார்த்தார், நாம் பார்க்கவில்லை. ஒரு பெயரை வாசிக்கும்போது, வாசிக்கப்படாத நூறு பெயர்களையும் சேர்த்தே அறிவிக்கிறோம். கொடாதவர் யார், கொடுத்தும் கணக்கில் வராதவர் யார் என்பதை ஊருக்குச் சொல்லிவிடுகிறோம்.

மனிதர் வாழ்வுபெற்று நிற்பதே இறைவனின் மாட்சி என்னும் கருத்தை இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் நகரின் ஆயர் புனித இரேனியு எழுதினார். அவ்வாறாயின் அந்தச் சிறுவனின் முகம் வாடிய இடத்தில் இறைவனின் மாட்சியே மங்கியது. விண்ணில் அன்று, மண்ணில்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தாழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது யாரிடம் பேசுகிறோம் என்பதை நாம் கவனிப்பதில்லை. உபதேசியார் ஊதிய உயர்வு கேட்டால் தாழ்ச்சியைப் போதிக்கிறோம். கோவில்பிள்ளை வார விடுமுறை கேட்டால் தாழ்ச்சியைப் போதிக்கிறோம். சாதியின் பெயரால் தேர் வராத தெருவினர், எங்கள் தெருவுக்கும் தேர் வரட்டும் என்றால் உடனே தாழ்ச்சியைப் போதிக்கிறோம். தாழ்ந்துகொள்ளுதல் வேறு, தாழ்த்தப்படுதல் வேறு. முன்னது புண்ணியம், பின்னது பிறர் செய்யும் பாவம். முதல் இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம் சொல்லவேண்டியதைக் கடைசி இருக்கையில் நிற்பவரிடம் சொல்லி நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மண்ணின் பொதுநிலையினரான புனித தேவசகாயத்தை நினைத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் அரசவையில் பொறுப்பு வகித்தவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். பின்னர்ச் சிறைப்பட்டு, எருக்கம்பூ மாலை சூட்டப்பட்டு, எருமையின்மேல் ஏற்றி ஊரூராக இழுத்துச் செல்லப்பட்டார் என்பது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருஅவை அவரைப் புனிதராக அறிவித்தபோது, சாதியைச் சுட்டும் அடைமொழியை விட்டுவிட்டு அறிவித்தது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தின் கோவிலில் பிற்காலத்தில் சாதிகளைப் பிரிக்கச் சுவர் நின்றதும், அதை இடிக்க வேண்டியிருந்ததும் நாம் மறக்கக்கூடாத வரலாறு. எருக்கம்பூ மாலை சூடியவரின் விழாவுக்கு ஆளுயர ரோசா மாலைகளோடு நம்மை நாமே கௌரவித்துக்கொண்டால், அவர் நம்மை அடையாளம் கண்டுகொள்வாரா?

செய்யவேண்டியவை

கண்டித்துவிட்டு ஓய்வது எளிது. ஆகையால் நம் பங்குகள் நாளையே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

திருப்பலிக்குள் எவருக்கும் பொன்னாடை வேண்டாம்; ஆயருக்கும் வேண்டாம், பங்குத்தந்தைக்கும் வேண்டாம். வரவேற்க வேண்டியவரை மண்டபத்தில் வரவேற்போம். நற்கருணைக்குப் பின் அமைதியை மக்களுக்குத் திருப்பித் தருவோம். பீடப்பகுதியிலும் சிலுவைப்பாதை நிலைகளிலும் இனி ஒரு பெயரும் ஏற வேண்டாம். ஏற்கெனவே இருப்பவற்றை எவரும் அதிகாரத்தால் பெயர்க்க வேண்டியதில்லை. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்தந்தக் குடும்பத்தாரே முன்வந்து, போதும் என்று சொல்லட்டும். அதைவிட அழகான கொடை இராது. கொடைகளை நன்கொடை ஏட்டில் எழுதுவோம். வரவையும் செலவையும், பெயரின்றி, தொகையோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று காட்டுவதே கொடுத்தவருக்குச் செய்யும் மெய்யான நன்றி. பொன்னாடைக்குச் செலவாகும் தொகையை வின்சென்ட் தே பால் சபைக்குக் கொடுத்துவிடுவோம்.

பெயர் வாசிப்பதே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருமண ஓலையில் பெயர் வாசிப்போம். நோயுற்றோர் பெயரையும் இறந்தோர் பெயரையும் வாசிப்போம். இவர்கள் எதையும் கொடுத்ததற்காக வாசிக்கப்படுவதில்லை. நம் வேண்டல் தேவைப்படுவதால் வாசிக்கப்படுகிறார்கள். கோவிலில் பெயர் வாசிப்பதற்கு அதுவே தகுதி.

அந்த மீன்கார அம்மையாரின் வீட்டிலிருந்து திரும்பிய அடுத்த ஆண்டு, பட்டியல் வாசிப்பதை நிறுத்தினோம். வசூல் குறைந்தது, மறைக்கவில்லை. வெளியூர் மேளம் வரவில்லை, வாணவேடிக்கையும் இல்லை. விழாக்குழுவினர் சிலர் நம்மோடு ஒரு மாதம் பேசவில்லை. திருவிழா நடந்தது. அம்மையார் பேரனோடு வழக்கமான தூணருகில் இருந்தார்.

நற்செய்தி நூல்கள் நான்கிலும் புனித வளனார் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவரையே பாட்டுடைத் தலைவராக்கித் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். நம் காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், தம் கல்லறை மண்ணில், எளியதாக, தனி அலங்காரமின்றி அமையவேண்டும், அதில் தம் பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று 2022-இல் எழுதிவைத்தார். 2025 ஏப்ரல் 26 அன்று உரோமையின் புனித மரியா பெருங்கோவிலில் அவ்வாறே அடக்கம் செய்யப்பட்டார். பட்டமில்லை, ஆண்டுக்கணக்கில்லை, 'பிரான்சிஸ்' என்று பொருள்படும் ஒற்றை இலத்தீன் சொல் மட்டும். உலகத் திருஅவையின் தலைவருக்கு ஒரு சொல் போதுமானதாயிற்று. ஒரு மின்விசிறி கொடுத்தவருக்கு நான்கு வரிகள் வேண்டியிருக்கின்றன.

தங்கள் பெயர்கள் விண்ணகத்தில் எழுதப்பட்டிருப்பதற்காகவே மகிழும்படி ஆண்டவர் தம் சீடர்களுக்குச் சொன்னார். அந்த ஏட்டில் எழுதுபவர் நாமல்லர். அதில் 5000 ரூபாய் என்ற எல்லையும் இல்லை. அடுத்த ஞாயிறு குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது நாம் சொல்லப்போகும் ஆமெனைக் கோவில் வாசலைத் தாண்டும்வரையிலாவது காப்பாற்றுவோம்.